மூன்றாவது ஜோடி

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "இன்னாக்கா, ரெண்டு பீரோ வாங்கிட்டீங்களா?" என்பதுதான். பீரோ இல்லை. டவர் ஸ்பீக்கர். தரையில் நிற்கிறது, என் தோள் உயரம் இருக்கிறது, மூலைக்கு ஒன்றாகக் கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கியதல்ல. என் வீட்டுக்காரர் மாசிலாமணி, படகுக்கு வாங்கிய பிளைவுட்டில் மிச்சம் பிடித்துத் தன் கையாலேயே செய்தது. இது மூன்றாவது ஜோடி. இதற்கு முன்னால் இரண்டு ஜோடி செய்தார். இரண்டையும் அவரே உடைத்தார்.

சலிப்போடுதான் சொல்கிறேன். காலையில் நண்டுக் கொட்டகைக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஐஸ் தண்ணீரில் கை. உயிர் நண்டின் கொடுக்கை மடக்கிக் கயிறு கட்டுவது என் வேலை. வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் ஊறி உப்பியிருக்கும். காலை நீட்டிப் படுத்தால் போதும் என்று வந்தால், நீட்டுகிற இடத்தில் ஸ்பீக்கர் நிற்கும். குணசுந்தரிக்கு வாய்த்தது இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு பக்கமாகச் சுருண்டு படுத்துக்கொள்வேன்.

மாசிலாமணி படகு கட்டுகிறவர். பிளைவுட்டை வளைத்து அடித்து, மேலே ஃபைபர் ஒட்டி, ரெசின் பசை பூசிச் செய்கிற படகு. ஏரிக்கரையில் தகரம் போட்ட ஷெட் இருக்கிறது. புதுப் படகு எப்போதாவதுதான் வரும். மற்றபடி அடி தேய்ந்தது, பக்கம் உடைந்தது என்று பழுதுக்கு வருவதுதான் அதிகம். கை கிரைண்டரைப் போட்டுப் பழைய ஃபைபரைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவார். அந்தக் கிரைண்டர் சத்தத்தைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். அது நின்றுபோனால்தான் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த படகைச் சொந்தக்காரன் அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட மாட்டான். வேலை செய்தவர் அவன் கண்ணெதிரே படகைக் கவிழ்த்துப் போட்டு, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு நாணயத்தால் தட்டிக் காட்ட வேண்டும். பலகையோடு ஃபைபர் நன்றாக ஒட்டியிருந்தால் ‘ணங்’ என்று கேட்கும். நடுவில் காற்று நின்றிருந்தால் ‘பொத்’ என்று கேட்கும். பொத்தென்று கேட்ட இடத்தில் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் தண்ணீர் ஏறி உரித்துவிடும். முழுக்கத் தட்டிவிட்டு அவர் வாயால் "எடுத்துக்கினு போ" என்று சொன்ன பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும். மாசிலாமணி தட்டிக் கொடுத்த படகு என்றால் தோணிரேவிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயரில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஸ்பீக்கர் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், போன வருஷம் மழைக்கு முன்னால் டிவியில் ஆரம்பித்தது. "இன்னாமே இது, வாயில துணிய அடச்சிக்கினு பேசுறா மாதிரி கீது" என்றார். டிவிக்காரனை வரவழைத்தார். அவன் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அதன் பிறகு பொன்னேரிக்குப் போய் உருண்டையாக ஒரு ஸ்பீக்கர் வாங்கிவந்தார். அதுவும் அப்படியே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். போனை மாற்றினார். ஷேர் ஆட்டோவில் பாட்டுப் போட்டால் டிரைவரிடம், "இன்னாப்பா, உன் செட்டும் அவுட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

"இப்ப வர்ற சாமான் எல்லாம் டூப்ளிகேட்டு. நாமளே செஞ்சாத்தான் உண்டு" என்று ஒருநாள் முடிவு கட்டினார்.

எண்ணெய் ஊற்றியவன் என் தம்பி சிவசங்கர். அனுப்பம்பட்டில் மைக்செட் வாடகைக்கு விடுகிறான். கல்யாணம், திருவிழா என்று ஊர் ஊராகப் போகிறவன். "மாமா, பிளைவுட்டு உங்க கையில கீது, ரெசின் கீது. ஸ்பீக்கரு, ஒயரெல்லாம் நான் கொண்ணாறேன். டவர் ஸ்பீக்கரே அடிச்சிடலாம். மஜாவா இருக்கும்" என்றான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலை முடிந்த பிறகு ஷெட்டிலேயே உட்கார்ந்து செய்தார்கள். சிவசங்கர் பலகையில் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தான். கனத்த சத்தம் போடுகிற ஊஃபருக்குப் பெரிய வட்டம், கீச்சென்ற சத்தத்துக்கு இருக்கிற ட்வீட்டருக்கு மேலே சின்ன வட்டம், எல்லாவற்றுக்கும் கீழே குழாய் செருக இன்னொரு வட்டம். அந்தக் குழாய் வழியாகத்தான் பெட்டி மூச்சு விடுமாம், அப்போதுதான் அடி சத்தம் கனமாக வருமாம். மாசிலாமணி பலகையை அறுத்தார், உள்ளே மூலைக்கு மூலை கட்டை கொடுத்தார். இறுக்கிப் பிடிக்கச் சாமான் இல்லை என்று நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டி, மேலே நங்கூரக் கல்லை ஏற்றி வைத்தார். மூட்டெல்லாம் ரெசின் வழித்தார். அவர் வேலையைக் குறை சொல்ல முடியாது, கோணல் என்பதே கிடையாது.

ஒரு வாரம் திருவிழா வேலையாகப் போய்விட்டு வந்த சிவசங்கர், பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, கீழ ஒரு ஓட்டைக்கு வட்டம் போட்டேனே, எங்க?"

"அதுவா? அறுத்தப்பறந்தான் நீ பென்சிலு தவறிப் போட்டுட்டியோனு நெனச்சேன். உள்பக்கமா பலகைய வச்சு அடச்சி, ரெண்டு கோட்டு ரெசினும் அடிச்சிட்டேன். சொட்டுத் தண்ணி எறங்காது."

"மாமா, இத ஏரியிலயா வுடப்போறீங்க?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு சூசையம்மாள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள். காலமெல்லாம் ஓட்டையை அடைத்த கை. போட்ட ஓட்டையை அப்படியே விட்டுவைக்க அதற்கு மனசு வருமா? மாசிலாமணியும் சிரித்தார். மறுபடியும் அறுத்து, குழாய் செருகி, பாட்டுப் போட்டபோது தரை அதிர்ந்தது. அலமாரியில் இருந்த தட்டெல்லாம் கிணுகிணுவென்று ஆடியது. "யம்மா, தியேட்டரு கணக்கா கீதே!" என்று சூசையம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த ஒரு நாள் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் மட்டும் தலையை ஆட்டினார். "அடி நல்லா வருது. மேல ஒண்ணும் இல்லியே. ஜால்ரா எங்க? சலங்க எங்க?"

"கேக்குதேய்யா" என்றேன் நான், அடுப்படியிலிருந்தே.

"உனக்கு இன்னா தெரியும்? நீ சும்மாரு."

சும்மா இருந்தேன். சத்தத்தை வைத்துச் சோறு தின்கிற மனுஷனோடு சத்தத்தைப் பற்றி நான் என்னத்தைப் பேசுவது? இரண்டு மாதம் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வரும்போது பெட்டி இரண்டும் பலகை பலகையாகக் கிடந்தன. இப்போது அவை சூசையம்மாள் வீட்டுக் கோழிக்கூண்டு.

இரண்டாவது ஜோடியைப் பின்பக்கம் குறுகலாக, படகு மாதிரி வளைத்துச் செய்தார். உள்ளே பஞ்சு வைக்க வேண்டும் என்று தம்பி சொன்னான் என்பதற்காக என் தலையணையைக் கிழித்தார். கேட்டால், "உனக்கு வேற வாங்கித் தர்றேன்" என்றார். இன்றைக்கு வரைக்கும் நான் பழைய புடவையைச் சுருட்டித்தான் தலைக்கு வைத்துக்கொள்கிறேன். ட்வீட்டரைச் சென்னையிலிருந்து புதிதாக வரவழைத்தார்கள். கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துப் பாட்டுப் போட்டால் எனக்குப் பல் கூசும். சூசையம்மாள், "ஏண்டி, காதுல ஊசிய வுட்டுக் குத்துறா மாதிரி கீதுடி, கொஞ்சம் கொறைக்கச் சொல்லேன்" என்று கெஞ்சினாள். இவர் பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, "மொக்கையா கீது" என்பார். அதையும் உடைத்தார்.

எனக்குக் கோபமெல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் மூன்றாவது ஜோடி வந்தது. அதற்குள் ஷெட்டிலும் இதே பேச்சு ஆரம்பித்திருந்தது. இப்போது வருகிற பிளைவுட் சரியில்லை, ரெசின் சரியில்லை, ஒட்டவே மாட்டேன் என்கிறது, எங்கே தட்டினாலும் பொத் பொத் என்கிறது என்று புலம்பினார். ஒட்டியதையே பெயர்த்து மறுபடி ஒட்டினார். தோணிரேவிலிருந்து வந்திருந்த ஒருவர், "நல்லா இருக்குற படக ஏன்யா கொதர்ற?" என்று சண்டை போட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போனார். தட்டிக் கொடுக்காத படகு. மாசிலாமணி ஷெட்டிலிருந்து அப்படி ஒரு படகு போனது அதுதான் முதல் தடவை. இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் பூபதியின் படகு வந்து மாட்டியது. பூபதி எங்கள் குப்பத்துப் பையன்தான், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. இவரை அண்ணா என்பான், என்னை அண்ணி என்பான். திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணி, வியாழக்கெழம என் பாடு. நீதான் அண்ணன்கிட்ட சொல்லணும்."

பாடு என்றால் எங்கள் ஏரியில் முறை. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற வாகான இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடி முறை பிரித்துவிடும். முறை வந்த அன்றைக்கு ஒருவன் போகவில்லை என்றால் அடுத்தவன் போவான். தவறவிட்டவன் சுற்று முழுக்க முடிந்து மறுபடியும் தன் பெயர் வரும் வரைக்கும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். படகு பழுது என்று சொன்னால் ஊர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லும், முறையை மாற்றித் தராது.

"படகு ரெடியா இல்லியா?" என்று கேட்டேன்.

"ரெடிதான் அண்ணி. ஒட்டி முடிச்சிக் காஞ்சும் போச்சு. தட்டிக் குடுங்கண்ணான்னா, எல்லா எடமும் பொத்துன்னு கீது, அடிய மொத்தமா பேத்துட்டு மறுபடி ஒட்டணும்ன்றாரு. ஒரு வாரம் ஆவும்ன்றாரு. எனக்கு நல்லாத்தான் கேக்குது. சொன்னா, 'காது எனக்கா உனக்கா'ன்னு கத்துறாரு. பேஜாரா கீது அண்ணி."

"தட்டலனா இன்னா, எடுத்துக்கினு போயேன்."

"எப்டி அண்ணி? வேணாம்னு அவரு வாயால சொன்ன படக எறக்குனா, கூட எவன் வருவான்?"

அதுவும் சரிதான். அந்தப் படகில் இவனோடு இன்னும் இரண்டு பேர் ஏற வேண்டும். நான் பேசிப் பார்க்கிறேன் என்று அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் நான் பேச வேண்டும், அதுவும் என் தலையெழுத்து.

செவ்வாய்க்கிழமை கொட்டகையில் நண்டு வரத்து இல்லை, மத்தியானமே விட்டுவிட்டார்கள். சோற்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பூபதியின் படகு கவிழ்ந்து கிடந்தது. இவர் குனிந்து நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தார். ணங், ணங், ணங்.

"கேட்டியா? பொத்துனு கீது பாரு" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே சோறு வடித்தவள் நான். எனக்கு ணங் என்றுதான் கேட்டது. ஆனாலும் அவருக்குத் தெரிந்தது ஏதோ எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பூபதிக்காகப் பேச வந்தவள் அதைப் பேசாமலே சோற்றை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சிவசங்கர் வந்தான். மூன்றாவது ஜோடியும் சரியில்லை என்று மாமா போனில் கத்தியிருக்கிறார். "எதுல கோளாறுன்னு இன்னிக்குப் பாத்துடலாம் மாமா" என்று பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊஃபருக்குப் போகிற ஒயரைக் கழற்றினான். ட்வீட்டர் மட்டும் பாடும்படி வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டான்.

பாட்டே இல்லை, வெறும் கீச்சும் சீறலும்தான் வந்தது. ஜால்ராவும் சலங்கையும் பாடுகிறவளின் ‘ஸ்’ஸும் மட்டும் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி கூடம் முழுக்கத் தெறித்தன. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மாசிலாமணி பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். "போடுடா" என்றார்.

"போட்டுக்கினு கீது மாமா."

"எங்கடா?" என்று கிட்டே போனார். ட்வீட்டரின் மேலேயே காதை வைத்தார். நான் நாலடி தள்ளி நின்று தாங்க முடியாமல் காதை மூடியிருக்கிறேன், அவர் அதன் வாயில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "கம்பி வுட்டுப்போச்சுடா. ஒண்ணுமே வர்ல பாரு. அதான நானும் சொல்றேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாராம்.

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிவசங்கர், "ஆமா மாமா, கம்பிதான். நான் வேற கொண்ணாறேன்" என்று பாட்டை நிறுத்தினான்.

பஸ்ஸுக்குப் போகிறவனைத் தெருமுனையில் பிடித்தேன். "இன்னாடா பொய் சொல்ற? அந்த ஆளுக்குக் காது போயிருக்குதுடா."

"தெரிதுக்கா. எங்க லைன்ல பாத்துக்கீறேன். அடிச் சத்தம் கேக்கும், ஆள் பேசுறது பாதி கேக்கும். கீச்சுன்னு வர்றது மட்டும் போயிடும். கிரைண்டரு சத்தம்கா, வேற இன்னா. கொஞ்சம் கொஞ்சமா போறதால அவங்களுக்கே தெரியாது."

"சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"மாமா மூஞ்சிய பாத்தல்ல? என்னால ஆவாதுக்கா. நீ சொல்லு." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

திரும்பி நடந்து வரும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் எழுந்து அணைக்க மாட்டார். போன் அடிக்கும், எடுக்க மாட்டார். பின்னாலிருந்து நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவார். திமிர் என்று நினைத்திருந்தேன். எனக்கு என்ன மரியாதை இந்த வீட்டில் என்று எத்தனை நாள் மனசுக்குள்ளேயே சண்டை போட்டிருப்பேன். பாவி மனுஷா, கேட்காமலா உட்கார்ந்திருந்தாய் என்று தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் படகு ஞாபகம் வந்தது. காலையில் கிரைண்டரைப் போட்டு அந்த நல்ல படகின் அடியைப் பெயர்த்துவிடுவார். பூபதிக்குப் பாடு போகும். அதற்குப் பிறகு இவரிடம் எவன் படகைக் கொண்டுவருவான்? நான் சொன்னால் காது போன ஆள் என்று பெயராகும். சொல்லாவிட்டால் பைத்தியம் என்று பெயராகும்.

புதன்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. ஷெட்டுக்குப் போனபோது பூபதி மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தான். இவர் கிரைண்டருக்குப் புதுத் தகடு மாட்டிக்கொண்டிருந்தார். பூபதி எதிரில் பேசுகிற பேச்சா அது? தூக்குச் சட்டியை அவன் கையில் கொடுத்து, "பஸ் ஸ்டாண்டு கடையில போயி டீ வாங்கியா. இங்க வாங்காத, தண்ணியா இருக்கும்" என்று தூரமாக அனுப்பினேன்.

அவன் மறைந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னாமே?"

அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டேன். "யோவ், நேத்து சங்கரு போட்டது பாடிக்கினுதான் இருந்துச்சு."

"எது?"

"அந்தச் சின்ன ஸ்பீக்கரு. கம்பியெல்லாம் ஒண்ணும் வுட்டுப்போவல. எனக்குக் காது கிழிஞ்சுது. நாயி எழுந்து ஓடுச்சு. உனக்குத்தான் கேக்கல."

சிரித்தார். "வெளாட்றியா, காலங்காத்தால?"

"வெளாட்ற மூஞ்சியாய்யா இது? இந்தப் படகு ணங்குணங்குனு கீது. பொத்து இல்ல. நேத்தே எனக்குக் கேட்டுச்சு. உன் காதுல கோளாறுய்யா."

கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து நாணயத்தை எடுத்தார். ஷெட்டு மூலையில் ஒரு பழைய படகுத் துண்டு கிடந்தது, ஃபைபர் உரிந்து பலகையை விட்டுத் தனியாகத் தொங்குவது கண்ணுக்கே தெரியும். அதைப் போய்த் தட்டினார். பொத். நடந்து வந்து பூபதியின் படகைத் தட்டினார். ணங். மறுபடியும் போய் அதைத் தட்டினார். மறுபடியும் வந்து இதைத் தட்டினார். எனக்கு மலைக்கும் மடுவுக்கும் இருக்கிற வித்தியாசம் கேட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தலையைச் சாய்த்து அந்தக் காதைக் கொடுத்துத் தட்டினார், இந்தக் காதைக் கொடுத்துத் தட்டினார். எத்தனை தடவை போய் வந்தார் என்று தெரியாது. போதும்யா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"ரெண்டும் ஒண்ணாதான் கீது" என்றார் கடைசியில். படகின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

நானும் உட்கார்ந்தேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. "அப்ப ஊட்ல கீற பொட்டி?" என்று கேட்டார்.

"நல்லாப் பாடுது."

"ரெண்டாவது செஞ்சது?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"மொதல்ல செஞ்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்தபோது வரவில்லை. "மூணும் நல்லா இருந்துச்சுய்யா. உன் வேலைல இன்னா கொற? தியேட்டரு கணக்கா இருந்துச்சு."

தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான் அவர் முதுகில் கை வைத்தேன். அந்த முதுகெல்லாம் ஃபைபர் தூள், என் கையில் அரித்தது. நாங்கள் அப்படி உட்கார்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாணயத்தை என் கையில் வைத்தார். "நீ தட்டு."

"நானா? நான் நண்டு கட்றவய்யா."

"கேக்குதுல்ல? தட்டு. சாண் வுட்டு சாண் தட்டு, வுட்டுடாத. நாளைக்கு அதுல ஆளு ஏறணும்."

முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் எனக்கு எதிரில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் என் வாயைப் பார்த்தார். ணங் என்றேன். ணங் என்றேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. தினமும் ஐஸில் ஊறி மரத்துப்போன விரலில் நாணயம் நிற்காமல் வழுக்கியது. பாதிக்கு மேல் போய், பின்பக்கம் திரும்புகிற வளைவில் தட்டியபோது, பொத்.

உள்ளங்கை அளவு இடம். ணங் என்று சொல்லிவிட்டால் படகு இப்போதே போகும், பூபதிக்குப் பாடு கிடைக்கும், நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் சொல்வதுதான் சத்தம்.

"இங்க பொத்துனு கீது" என்றேன்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "இந்த எடம் மட்டும்தானா?"

"இதுவரைக்கும் இதான். மிச்சம் கீது."

நேரம் போனது தெரியவில்லை. பூபதி டீயோடு வந்து நின்றிருந்தான். நாணயம் என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டான். "இன்னா அண்ணி, நீ தட்டிக்கினு கீற?"

"உங்க அண்ணனுக்குக் கையி வலின்னாரு, அதான்..." என்று ஆரம்பித்தேன்.

"கையி வலி இல்லடா" என்றார் மாசிலாமணி. சத்தமாகவே சொன்னார். அந்தப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்களே திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குக் காது பூட்ச்சி. இனிமே நான் ஒட்டுவேன், உங்க அண்ணி தட்டிச் சொல்லுவா. உன் படகு நல்லா கீது, நான்தான் தப்பா சொல்லிட்டேன். பின்னால ஒரு எடம் மட்டும் ஒட்டல. அத இன்னிக்கே முடிச்சிடுவேன். இஷ்டம் இருந்தா எட்த்துக்கினு போ. இல்லன்னா வேற எடத்துல காட்டிக்கோ, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

இந்த ஒரு வார்த்தையை மறைக்கத்தான் அந்தப் பையனைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கவிட்டேன். இந்த மனுஷன் அதை ஏரிக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, சொன்னது எத்தனை சத்தம் என்றுகூடத் தெரியாமல் நிற்கிறார்.

பூபதி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பென்சில் வட்டத்தைப் பார்த்தான். டீச் சட்டியை மணலில் வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மிச்சத்தையும் தட்டிடு அண்ணி" என்றான்.

நண்டுக் கொட்டகை இருக்கிறது, வீடு இருக்கிறது, இனிமேல் இதுவும் என் வேலை. யாரும் என்னைக் கேட்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நகர்ந்தேன். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சாணில் நாணயத்தை வைத்துத் தட்டினேன்.